வெய், வெயிட்: எடையைச் சொல்லும் ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கடை நடத்துபவர்கள், நர்சிங் படிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். எல்லாரும் ஒரு கட்டத்தில் தடுமாறும் சொல் இது. எடை பார்க்காத நாள் ஏது? காய்கறி, குழந்தை, லக்கேஜ், கூரியர் என்று எதிலும் இந்தச் சொல் வந்து நிற்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்தும் இங்கே தருகிறேன்.

வெய், வெயிட் இரண்டும் ஒன்றா?

இல்லை. 'வெய்' வினைச்சொல்: எடை போடு, நிறு, இத்தனை எடை இரு. 'வெயிட்' பெயர்ச்சொல்: எடை. எழுத்தில் 'வெய்' என்பது டபிள்யூ, இ, ஐ, ஜி, ஹெச் என்ற ஐந்து எழுத்து. கடைசியில் ஒரு டி சேர்த்தால் 'வெயிட்'. அந்த ஒரு எழுத்தில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

'ஐ வெயிட் சிக்ஸ்டி கிலோஸ்' என்று பலர் சொல்கிறார்கள். கேட்பவர் காதில் அது 'நான் அறுபது கிலோ காத்திருக்கிறேன்' என்று விழும். ஏனென்றால் காத்திருப்பதைச் சொல்லும் 'வெயிட்'டும் இதே ஒலிதான்.

நடுவில் இருக்கும் ஜி, ஹெச் ஏன் ஒலிப்பதில்லை?

ஒரு காலத்தில் ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் கரகரப்பான ஓர் ஒலி இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் எடைக்கான சொல்லில் அந்த ஒலி கேட்கும். ஆங்கிலத்தில் ஒலி தேய்ந்துபோனது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. 'எயிட்', 'நெய்பர்' எல்லாம் இதே கதைதான்.

வழியைக் குறிக்கும் 'வே'யும் இந்த 'வெய்'யும் ஒலியில் ஒன்று. இங்கே இரண்டு விதமாக எழுதியிருப்பது பார்த்ததும் வேறுபாடு தெரிவதற்காக மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. உயரத்தைக் குறிக்கும் சொல்லின் எழுத்தும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், ஆனால் அதை 'ஹைட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஹெயிட் அண்ட் வெயிட்' என்று எதுகையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. சரியானது 'ஹைட் அண்ட் வெயிட்'.

என் எடையை எப்படிச் சொல்வது?

இரண்டு வழிதான். வினைச்சொல்லை வைத்து: 'ஐ வெய் சிக்ஸ்டி கிலோஸ்'. பெயர்ச்சொல்லை வைத்து: 'மை வெயிட் இஸ் சிக்ஸ்டி கிலோஸ்'. இரண்டும் சரி. கேள்வியாக: 'ஹவ் மச் டூ யூ வெய்?' அல்லது 'வாட் இஸ் யுவர் வெயிட்?' எண்ணுக்கு முன்னால் 'ஆஃப்', 'வித்' எதுவும் வேண்டாம்.

பொருளுக்கும் இதே விதி. 'தி பாக்ஸ் வெய்ஸ் ஃபைவ் கிலோஸ்.' பெட்டி ஒருமை என்பதால் வினையில் எஸ் சேர்ந்தது. கூரியர் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு மாணவர் இந்த ஒரு எஸ்ஸைப் பழக்கத்துக்குக் கொண்டுவர மூன்று வாரம் பயிற்சி செய்தார். வெட்கப்படாமல் ஒவ்வொரு பார்சலுக்கும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அப்படித்தான் வரும்.

'ஐ ஆம் வெயிங் சிக்ஸ்டி கிலோஸ்' என்று சொல்லலாமா?

வேண்டாம். எடையாக *இருப்பது* ஒரு நிலை, அதற்கு 'இங்' வராது. எடை *போடுவது* ஒரு செயல், அதற்கு வரும். 'ஷி இஸ் வெயிங் தி டொமேட்டோஸ்' என்றால் அந்த அம்மா தக்காளியை நிறுத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் 'நான் அறுபது கிலோ இருக்கிறேன்', 'தக்காளியை நிறுக்கிறேன்' என்று வேறு வேறு வினை வைத்திருப்பதால் நமக்குக் குழப்பம் வரக்கூடாது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்திருப்பதுதான் சிக்கல்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'வெகான்'. அன்று அதன் முதல் பொருள் எடை போடுவது இல்லை. சுமப்பது, தூக்கிச் செல்வது, நகர்த்துவது. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் இதற்கு ஒரு பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது. பாதையைக் குறிக்கும் ஆங்கில 'வே', வண்டியைக் குறிக்கும் 'வேகன்', லத்தீன் வழியாக வந்த 'வெஹிக்கிள்' எல்லாம் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் அதே வேர் 'வஹ்', அதாவது சுமந்து செல். அதிலிருந்து வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் 'வாகனம்'. ஆங்கிலேயர் 'வெய்' என்பதும் நாம் 'வாகனம்' என்பதும் தூரத்துச் சொந்தம். முதல் முறை இதைப் படித்தபோது ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சியாகச் சுற்றினேன்.

பொருள் எப்படி மாறியது? ஒரு பொருள் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமென்றால், தராசு இல்லாதவர் என்ன செய்வார்? கையில் தூக்கிப் பார்ப்பார். தூக்குவதே அளப்பதாக ஆனது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நம் 'எடை' எதிலிருந்து வந்தது? 'எடு' என்ற வினையிலிருந்து. எடு, தூக்கு, உயர்த்து. அதே பாதை! ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு கிடையாது, ஆனாலும் இரண்டும் கையால் தூக்கிப் பார்ப்பதிலிருந்தே எடைக்குப் பெயர் வைத்திருக்கின்றன. 'தூக்கு' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் நிறுத்தல் என்ற பொருள் உண்டு. 'சீர்தூக்கிப் பார்' என்கிறோமே, அதில் இருக்கும் தூக்கு அதுதான். மலையாளத்தில் எடைக்கு இன்றும் 'தூக்கம்' என்பார்கள், கன்னடத்தில் 'தூக'. கேரளத்துக் கடையில் தூக்கம் எவ்வளவு என்று கேட்டால் திகைக்க வேண்டாம், எடையைத்தான் கேட்கிறார்கள்.

இந்தத் தூக்கும் படிமத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல தொடர்கள் மனப்பாடம் செய்யாமலேயே புரிந்துவிடும்.

கப்பல்காரர்கள் நங்கூரத்தை ஏன் 'வெய்' செய்கிறார்கள்?

'வெய் ஆங்கர்' என்றால் நங்கூரத்தை எடை போடுவது என்று நினைத்து, ஒரு மாணவி மொழிபெயர்ப்புத் தேர்வில் அப்படியே எழுதிவிட்டார். உண்மையில் அது நங்கூரத்தைத் தூக்குவது, அதாவது கப்பல் கிளம்புவது. சொல்லின் மிகப் பழைய பொருள் கடலில் மட்டும் அப்படியே பிழைத்திருக்கிறது. நங்கூரம் கடலடியை விட்டு எழும்பி, கயிற்றில் முழுப் பாரமாகத் தொங்கும் நிலைக்கு 'அவெய்' என்று பெயர்.

எடையோடு சம்பந்தமே இல்லாத இடங்களிலும் 'வெய்' வருகிறதே?

ஆமாம், அங்கேதான் இந்தச் சொல்லின் அழகு. இரண்டு யோசனைகளை இரண்டு தட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றால் 'வெய் அப்' அல்லது 'வெய் ஒன் அகென்ஸ்ட் தி அதர்'. தமிழில் சீர்தூக்கிப் பார்ப்பது. பேசும் முன் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுபவரைப் பற்றி 'ஹி வெய்ஸ் ஹிஸ் வேர்ட்ஸ்' என்பார்கள். நாமும் 'அளந்து பேசுகிறார்' என்போம். ஆங்கிலம் தராசை எடுக்கிறது, நாம் படியை எடுக்கிறோம்.

'வெய் ஆன்' என்றால் மனதை அழுத்துவது. 'இட் வெய்ஸ் ஆன் மை மைண்ட்': மனசு பாரமாக இருக்கிறது. 'வெய் டவுன்' என்றால் சுமை கீழே இழுப்பது. மாம்பழத்தால் கிளை தாழ்ந்ததற்கும் சொல்லலாம், கடனால் குடும்பம் நொடிந்ததற்கும் சொல்லலாம். 'அவுட்வெய்' என்றால் ஒன்றைவிட இன்னொன்று கனமாகி விஞ்சுவது: நன்மை தீமையை விஞ்சியது.

'வெய் இன்' இரண்டு பொருளில் வரும். ஒரு விவாதத்தில் நடுவில் புகுந்து தன் கருத்தை வைப்பது ஒன்று. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதலில் போட்டிக்கு முன் வீரர் எடை மேடையில் ஏறுவது இன்னொன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட்டுக்கு நடந்தது நினைவிருக்கும். 50 கிலோ பிரிவு. முதல் நாள் எடை சரியாக இருந்தது, மூன்று போட்டிகளில் வென்று இறுதிச் சுற்றுக்குப் போனார். மறுநாள் காலை 'வெய்-இன்'னில் 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம். அன்று ஆங்கிலச் செய்திகளில் 'ஃபெயில்ட் டு மேக் வெயிட்' என்று வந்தது. 'மேக் வெயிட்' என்றால் குறித்த எடைக்குள் வந்துவிடுவது. அந்தச் செய்தியை வகுப்பில் படித்தபோது யாருக்கும் இலக்கணத்தில் மனம் போகவில்லை. ஆனால் அந்தத் தொடரை அதன்பிறகு ஒருவரும் மறக்கவில்லை.

'ஆளை எடை போடாதே' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'டோன்ட் வெய் ஹிம்' என்று சொன்னால் அவரை மெஷினில் ஏற்றாதே என்றாகிவிடும். நபரைக் கணிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஜட்ஜ்' அல்லது 'சைஸ் அப்' என்ற சொற்கள்தான் சரி. யோசனை, வாய்ப்பு, ஆதாரம் இவற்றை 'வெய்' செய்யலாம்.

'வெயிட்' பெயர்ச்சொல்லாக வரும் முக்கியத் தொடர்கள் எவை?

'புல் யுவர் வெயிட்': கூட்டு வேலையில் உன் பங்கைச் சரியாகச் செய். 'கேரி வெயிட்': சொல்லுக்கு மதிப்பு இருப்பது, ஊர்ப் பெரியவர் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கிறது என்போமே, அது. 'த்ரோ யுவர் வெயிட் அரவுண்ட்': அதிகாரத்தைக் காட்டி மிரட்டுவது. 'வொர்த் இட்ஸ் வெயிட் இன் கோல்ட்': எடைக்கு எடை பொன் பெறும்.

'வெயிட்டான பார்ட்டி' என்று தமிழில் பேசுகிறோம். பணமோ செல்வாக்கோ உள்ளவர் என்று பொருள். இது நாமே உருவாக்கிக்கொண்ட வழக்கு, ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் எடுபடாது. தலைக்கனமும் அப்படித்தான். அதை 'ஹெட் வெயிட்' என்று நம் ஊரில் பரவலாகச் சொல்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது புரியாது, 'ஆரகன்ட்' என்று சொல்லுங்கள்.

எடை கூடியது, குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

கூடினால் 'கெயின் வெயிட்' அல்லது 'புட் ஆன் வெயிட்'. நம் பேச்சில் 'வெயிட் போட்டுட்டேன்' என்கிறோமே, அது இந்தப் 'புட் ஆன்'க்கு நேர் இணை. குறைந்தால் 'லூஸ் வெயிட்'. இந்த இடத்தில் எழுத்தைக் கவனியுங்கள். இழப்பதைக் குறிக்கும் சொல்லில் ஓ ஒன்றுதான். இரண்டு ஓ போட்டால் தளர்ந்த, தொளதொளப்பான என்ற வேறு சொல். உடற்பயிற்சிக் கூடங்களின் பலகைகளில் இரண்டு ஓ போட்டு எழுதியிருப்பதை நான் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன்.

'ஓவர்வெயிட்', 'அண்டர்வெயிட்' ஒவ்வொன்றும் ஒரே சொல், சேர்த்தே எழுத வேண்டும். 'ஹி இஸ் ஓவர்வெயிட்' என்று நேரடியாகச் சொல்லலாம், நடுவில் 'ஹேவிங்' வேண்டாம். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: 'லோ பர்த் வெயிட்'. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு இப்படிச் சொல்வார்கள்.

பாக்கெட்டில் 'நெட் வெயிட்' என்று இருக்கிறதே?

நெட் வெயிட் என்பது நிகர எடை, உள்ளே இருக்கும் பொருள் மட்டும். கிராஸ் வெயிட் என்பது டப்பா, பை எல்லாம் சேர்த்த மொத்த எடை. வெறும் டப்பாவின் எடைக்கு 'டேர் வெயிட்' என்று பெயர். டேர் அரபு மொழியிலிருந்து வந்தது, தள்ளிவிட்டது, கழித்தது என்று பொருள். சமையலறை டிஜிட்டல் தராசில் 'டேர்' என்று ஒரு பட்டன் இருக்கும். காலிக் கிண்ணத்தை வைத்து அதை அழுத்தினால் எண் பூஜ்யமாகும்.

இந்த மூன்றையும் அறிந்துவைத்திருப்பது மொழிக்காக மட்டும் இல்லை, பணத்துக்காகவும். வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டரின் நிகர எடை 14.2 கிலோ. காலி சிலிண்டரின் டேர் எடை அதன் மேல் பகுதியில் பொறித்திருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் மாறும். அது 15.3 என்று இருந்தால், முழு சிலிண்டர் 29.5 கிலோ இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

லாரிக்கும் இதே கணக்குதான். சரக்கோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை எடை மேடையில் ஏற்றிக் கழிப்பார்கள். அந்த எடை மேடைக்கு ஆங்கிலத்தில் 'வெய்பிரிட்ஜ்', நம் ஊர் பலகைகளில் 'வே பிரிட்ஜ்' என்று எழுதியிருக்கும். லாரி உடம்பில் எழுதியிருக்கும் யூ.எல்.டபிள்யூ. என்பது சரக்கில்லாத எடை.

இயற்பியலில் எடை வேறு, நிறை வேறு என்கிறார்களே?

நிறை என்பது ஒரு பொருளில் இருக்கும் பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் சொல்வது. எடை என்பது அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வது. 60 கிலோ நிறை உள்ளவரின் எடை இங்கே சுமார் 588 நியூட்டன். நிலவில் அவர் நிறை அதே 60 கிலோதான், எடை மட்டும் ஏறத்தாழ 97 நியூட்டனாகக் குறையும். அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. தேர்வுத் தாளில் பாருங்கள்.

விண்வெளி வீரர்களை 'வெயிட்லெஸ்' என்கிறோம். அவர்கள் இருக்கும் உயரத்தில் ஈர்ப்பு இல்லாமல் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தரையில் இருப்பதில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுவதால் காலுக்கடியில் அழுத்தம் தெரிவதில்லை.

கலைச்சொல்லில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'மாஸ்' என்பதற்கு நிறை, 'வெயிட்' என்பதற்கு எடை. இலங்கைப் பாடநூலில் 'மாஸ்' என்பதற்குத் திணிவு, 'வெயிட்' என்பதற்கு நிறை. ஒரே 'நிறை', பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் இரண்டு வேறு பொருள்! யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி இங்கே கணக்குப் போட்டுக் குழம்பியபோதுதான் எனக்கே இது தெரிந்தது. இணையத்தில் தமிழில் இயற்பியல் படிப்பவர்கள் அந்தப் பக்கம் எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பவுண்டை ஏன் எல்.பி. என்று எழுதுகிறார்கள்?

அது 'லிப்ரா' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். ரோமானியர்களின் எடை அளவு அது, தராசுக்கும் அதே பெயர். ராசி பலன் பார்ப்பவர்களுக்கு லிப்ரா தெரியும்: துலாம். ஒரு பவுண்ட் 0.45359237 கிலோ, பேச்சுக்கு 450 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 16-இல் ஒரு பங்கு அவுன்ஸ், சுமார் 28 கிராம். தங்கத்தின் உலகச் சந்தை விலையைச் சொல்லும் டிராய் அவுன்ஸ் வேறு, அது சுமார் 31.1 கிராம்.

பவுண்ட் என்ற சொல்லே லத்தீனில் 'எடையால்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒரு பவுண்ட் எடை வெள்ளியிலிருந்துதான் பிரிட்டனின் பணத்துக்கு அந்தப் பெயர் கிடைத்தது. பிறகு ஒரு பவுண்ட் மதிப்புள்ள 'சாவரின்' என்ற தங்க நாணயம் வந்தது, எடை 7.98 கிராம். அந்த நாணயம் நம் ஊருக்கு வந்து சவரன் ஆனது, பவுன் ஆனது. இன்று நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். எடையாகப் பிறந்த சொல் பணமாகி, மறுபடி நம் நகைக்கடைத் தராசில் எடையாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரர் 'லெவன் ஸ்டோன்' என்று தன் எடையைச் சொன்னால் அதிர வேண்டாம். ஒரு ஸ்டோன் 14 பவுண்ட், அதாவது 6.35 கிலோ. அவர் கிட்டத்தட்ட 70 கிலோ இருக்கிறார். நாம் எடைக்கல் என்கிறோம், அவர்கள் வெறும் கல் என்கிறார்கள்.

'ஹெவி', 'வெயிட்டி' எது எப்போது?

தூக்க முடியாத பெட்டிக்கு 'ஹெவி'. ஆழமாக யோசிக்க வேண்டிய விஷயத்துக்கு 'வெயிட்டி'. அவ்வளவுதான்.

எடை பார்க்கும் கருவிக்குச் சரியான பெயர் என்ன?

இந்தியாவில் 'வெயிங் மெஷின்' என்றால் எல்லாருக்கும் புரியும். அமெரிக்காவில் 'ஸ்கேல்', பிரிட்டனில் பெரும்பாலும் 'ஸ்கேல்ஸ்' என்று பன்மையில் சொல்வார்கள். இரண்டு தட்டுத் தராசில் இரண்டு தட்டு இருந்ததால் வந்த பன்மை அது. 'ஸ்கேல்' என்றாலே பள்ளிக்கூடத்து அடிக்கோல்தான் நம் நினைவுக்கு வரும், அதனால் வெளிநாட்டில் இதைக் கேட்டால் கோலைத் தேடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் 'பாலன்ஸ்'. மருத்துவர் 'ஸ்டெப் ஆன் தி ஸ்கேல், ப்ளீஸ்' என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நில்லுங்கள்.